இரவு இரண்டு மணி வலி: நீரிழிவு உள்ள ஒருவரின் காது நோய், முதல் நாளிலிருந்து

பின்னணி

இந்த நிகழ்வில் வருபவர் 71 வயது ஆடவர். சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மனைவி, மகன், மருமகள், பேரனுடன் வசிக்கிறார். கூட்டுரிமை அடுக்குமாடி ஒன்றில் 12 மணி நேர முறையில் பாதுகாவல் வேலை பார்த்துவந்தார். அந்த வேலைக்கு வலது காதில் காதொலிச் செருகியை நாள் முழுவதும் மாட்டியிருக்க வேண்டும். நீரிழிவு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. பலதுறை மருந்தகத்தில் மெட்ஃபார்மின், கிளிப்பிசைடு மாத்திரைகள் வாங்கிச் சாப்பிட்டார். நோய் தொடங்குவதற்கு முந்தைய பரிசோதனையில் அவருடைய எச்பிஏ1சி, அதாவது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, 9.4 விழுக்காடு. வருடம் தவறாமல் கண்ணைப் படம் எடுத்தார்கள், பாதத்தைச் சோதித்தார்கள், சிறுநீரைப் பார்த்தார்கள். காது அந்த வரிசையில் இல்லை.

நான் இல்லப் பராமரிப்புத் தாதி. அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் எனக்குப் பழக்கமானார். மருத்துவமனையில் சேருவதற்கு முந்தைய ஐந்தரை வாரங்களின் விவரங்களை அவரும் அவர் மனைவியும் சொல்லக் கேட்டும், மருந்தகச் சீட்டுகளைப் பார்த்தும் தொகுத்தேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் மூன்று வாரங்கள்

தீபாவளிக்குச் சில நாள்கள் முன்பு அவருக்கு வலது காது அடைத்துக்கொண்டது. அக்கம்பக்கத்து மருந்தகம் ஒன்றில் நீர் பீய்ச்சிக் குறும்பியை எடுத்தார்கள். காது திறந்தது, அவருக்கும் நிம்மதி. தீபாவளி அன்று வழக்கம்போல் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். மறுநாள் காதில் அரிப்பு. பஞ்சுக் குச்சியால் குடைந்தார். அதற்கு அடுத்த நாள் வேலைக்குப் போய்ச் செருகியை மாட்டிக்கொண்டார்.

நீரிழிவு உள்ள முதியவர்களுக்குக் காதை நீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு இந்த நோய், அதாவது வெளிக்காதில் தொடங்கி எலும்பை அரிக்கும் தொற்று, தொடங்கிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் இவருடைய காதில் கழுவிய நீர், குளித்த நீர், குச்சியின் கீறல், செருகிக்குள் தேங்கிய வியர்வை என்று நான்கும் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் குற்றம் சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் வலி வந்தது. மனைவி நல்லெண்ணெயில் இரண்டு பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் இரண்டு சொட்டு விட்டார். இதமாக இருந்ததாம். ஒரு மணி நேரம் தூங்கினார். ஆகவே அடுத்த நான்கு இரவுகளும் அதையே செய்தார்கள். அந்த அம்மாவைக் குறைகூற எனக்கு மனம் வராது. வலியில் புரளும் கணவருக்கு நடுநிசியில் எழுந்து அடுப்பு மூட்டியவர் அவர். ஆனால் தோல் புண்ணாகியிருக்கும் காதுக்குழாயில் எண்ணெய் தேங்கினால், ஏற்கெனவே ஈரமாக இருக்கும் இடம் மேலும் ஊறும். மருத்துவர் உள்ளே பார்ப்பதும் கடினமாகும்.

ஒன்பதாம் நாள் தனியார் மருந்தகத்துக்குப் போனார்கள். வெளிக்காது அழற்சி என்று சொல்லிச் சொட்டு மருந்தும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். பதினேழாம் நாள் வேறொரு மருந்தகம். காதுக்குழாய் வீங்கி மூடியிருந்ததால், சொட்டு மருந்து உள்ளே இறங்குவதற்காகக் காதில் ஒரு திரி வைத்தார்கள். இரண்டும் அந்தந்த நாளில் கண்ணுக்குத் தெரிந்த காதுக்குச் சரியான சிகிச்சைதான். சாதாரண வெளிக்காது அழற்சி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். இவருக்கு அடங்கவில்லை.

எது சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்தது இந்தப் பகுதியைப் பற்றித்தான்.

முதல் மருந்தகத்தில் பதிவுத் தாளைப் பேரன் நிரப்பினான். பதினைந்து வயதுப் பையன். வேறு நோய் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று குறித்தான். தாத்தாவுக்குச் சர்க்கரை இருப்பது அவனுக்குத் தெரியும். அது காதுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைத்தான். பெரியவரும் அப்படியே நினைத்தார். "சர்க்கரைக்குத்தான் பலதுறை மருந்தகத்தில் பார்க்கிறார்களே, இங்கே எதற்குச் சொல்ல வேண்டும்?" என்று என்னிடமே கேட்டார். பலதுறை மருந்தகத்துக்கு அந்த மாதத்தில் மருந்து வாங்கப் போனபோது காது வலியைப் பற்றி அங்கே பேசவில்லை. சர்க்கரை தெரிந்தவர்களுக்குக் காது தெரியவில்லை. காதைப் பார்த்தவர்களுக்குச் சர்க்கரை தெரியவில்லை.

அடுத்தது வலியின் சொல். அவர் வீட்டில் மனைவியிடம் சொன்னது: "விண்விண்ணென்று தெறிக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிறது. அந்தப் பக்கம் தலையை வைக்க முடியவில்லை." மருந்தகத்தில் பேரன் அதை ஆங்கிலத்தில் காது வலி என்று சொன்னான். குத்தல், குடைச்சல், தெறிப்பு எல்லாம் ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டன. இரவு, இரண்டு மணி என்பதும் காணாமல் போயிற்று. ஒன்று முதல் பத்துக்குள் வலி எவ்வளவு என்று இரண்டாவது மருத்துவர் கேட்டிருக்கிறார். இவர் ஐந்து என்றார். ஏன் ஐந்து என்று பிறகு நான் கேட்டேன். "பத்து என்றால் உயிர் போகிற வலி. நான் நடந்துதானே வந்தேன்?"

இந்த நோயை மற்றக் காது வலிகளிலிருந்து பிரித்துக் காட்டும் முதல் அடையாளமே அந்த இரவு வலிதான். வெளியே தெரியும் வீக்கத்துக்குப் பொருந்தாத அளவு கடுமையாக, தூக்கத்தைக் கலைக்கும் விதமாக, சாதாரண வலி மாத்திரைக்கு அடங்காமல் வரும்.

நான்காம், ஐந்தாம் வாரங்கள்

தோசையை மெல்லும்போது தாடை மூட்டில் வலித்தது. கஞ்சிக்கு மாறினார். மூன்று கிலோ எடை குறைந்தது. தலையணை உறையில் மஞ்சளும் பச்சையும் கலந்த கறை படியத் தொடங்கியது. மனைவி தினமும் துவைத்தார். படுத்தால் வலி கூடுகிறது என்று தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே விடிய விடிய இருந்தார். அந்த நேரத்தில் நாளிதழ் போடுபவர் வருவார், இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். இதற்கிடையிலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். செருகியை மட்டும் இடது காதுக்கு மாற்றிக்கொண்டார்.

முப்பத்தெட்டாம் நாள் காலை பல் துலக்கும்போது வாய் கொப்பளித்த நீர் வலது கடைவாயில் ஒழுகியது. மனைவி பார்த்தார்: முகம் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. பக்கவாதம் என்று பயந்து அவசர மருத்துவ வண்டிக்காக 995க்கு அழைத்தார். நோயைப் பற்றி அவர் நினைத்தது தவறு, ஆனால் செய்தது முற்றிலும் சரி. முகம் கோணினால் காரணத்தை வீட்டில் உட்கார்ந்து ஆராயக் கூடாது.

மருத்துவமனையில் கண்டதும் முடிவு செய்ததும்

அவசர சிகிச்சைப் பிரிவில் மூளையைச் சிடி எடுத்தார்கள். அதில் பக்கவாதம் இல்லை. இளம் மருத்துவர் ஒருவர் புருவத்தை உயர்த்தச் சொன்னார். இடது நெற்றி சுருங்கியது, வலது நெற்றி அசையவில்லை. பக்கவாதத்தில் பொதுவாக நெற்றி தப்பித்துக்கொள்ளும். அதற்கு மூளையின் இரு பக்கமும் ஆணை கொடுக்கின்றன. நெற்றியும் சேர்ந்து செயலிழந்தால் கோளாறு முக நரம்பிலேயே இருக்கிறது என்று பொருள். மருத்துவர் அடுத்துக் கேட்டது: "காதில் ஏதாவது பிரச்சினை இருக்கிறதா? சர்க்கரை உண்டா?" ஐந்தரை வாரத்தில் முதல் முறையாக இரண்டும் ஒரே அறையில், ஒரே மூச்சில் கேட்கப்பட்டன.

காது மூக்கு தொண்டை நிபுணர் உள்ளே பார்த்தபோது, காதுக்குழாயின் தரைப்பகுதியில், குருத்தெலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில், சிவந்த சதை வளர்ந்திருந்தது. இந்த நோய்க்குரிய அடையாளம் அது. குருத்தெலும்பின் தரையில் இயற்கையாகவே சிறு வெடிப்புகள் உண்டு. தொற்று அவற்றின் வழியே இறங்கி மண்டையோட்டின் அடித்தள எலும்பைப் பற்றிக்கொள்ளும். முக நரம்பு மண்டையோட்டை விட்டு வெளியே வரும் துளை அங்கே, காதுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. இன்னும் உள்ளே பரவினால் விழுங்குவதற்கும் குரலுக்கும் உரிய நரம்புகள் அடுத்து அடிபடும்.

நோயின் பெயர் நெக்ரோட்டைசிங் ஒட்டைட்டிஸ் எக்ஸ்டர்னா. வெளிக்காதில் தொடங்கி எலும்பை அரிக்கும் தொற்று. 1968இல் சாண்ட்லர் என்ற மருத்துவர் இதற்கு 'மலிக்னன்ட்' என்ற அடைமொழியைக் கொடுத்தார்; கொடியது என்று பொருள், புற்றுநோய்க்கும் வழங்கும் சொல். அப்போது நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்ததே அதற்குக் காரணம். அந்தச் சொல்லைக் கேட்டதும் மகன் புற்றுநோய் என்று நினைத்து, அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரிடம் கெஞ்சியிருக்கிறார். இது புற்றுநோய் இல்லை. ஆயினும் காதுக்குழாய்ப் புற்று இதே தோற்றத்தில் வரக்கூடும் என்பதால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். மூக்கின் பின்புறத்தையும் குழாய்க் கருவி விட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் புற்று இல்லை. சீழில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமி வளர்ந்தது. இந்த நோயில் மிக அதிகமாகக் காணப்படுவது அதுதான். சிடி, எம்ஆர்ஐ இரண்டிலும் எலும்பு அரிப்பு தெரிந்தது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் அளவு 96. எச்பிஏ1சி 9.8.

எடுத்த முடிவுகளில் மூன்றைப் பதிவு செய்வது பயன்படும். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நோய் எலும்பின் நுண் இடைவெளிகளில் பரவியிருப்பதால் வெட்டி எடுக்க ஓர் எல்லை கிடையாது, மருந்துதான் ஊடுருவிப் போக வேண்டும். காதைத் துப்புரவு செய்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். கிருமிக்கொல்லி மருந்தாக இரத்தக்குழாய் வழி செஃப்டாசிடிமும் வாய்வழி சிப்ரோஃப்ளோக்சசினும் சேர்த்துக் கொடுத்தார்கள். எலும்புத் தொற்று என்பதால் குறைந்தது ஆறு வாரம். சர்க்கரைக்குக் கிளிப்பிசைடை நிறுத்திவிட்டு இன்சுலின் தொடங்கினார்கள்.

மூன்றாம் வாரம் புயத்தில் பிக் குழாய் (மருந்து ஏற்ற இரத்தக்குழாய்க்குள் செலுத்தும் நீண்ட மெல்லிய குழாய்) பொருத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்து நிரப்பிய சிறு பம்ப் ஒன்று குளிர்பொதியோடு ஒரு தோள்பையில் இருக்கும். நாளெல்லாம் சிறுகச் சிறுக மருந்து இறங்கும். தினமும் காலையில் மருத்துவமனையின் வெளிநோயாளி மையத்துக்குப் போய்ப் பம்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். மகன் முறை வேலையை மாற்றிக்கொண்டார். செலவில் பெரும்பகுதியை மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் ஏற்றன; மிச்சத்துக்கு மருத்துவ சமூக சேவையாளர் வழிகாட்டினார்.

வீட்டில் நடந்தவை

வாரத்துக்கு இரண்டு முறை நான் போனேன். முதல் வருகையில் பிக் குழாயின் கட்டு, பம்ப், இன்சுலின் பேனா, ஊசிப் பெட்டி எல்லாவற்றையும் பார்த்தேன். சமையலறை அலமாரியைத் திறக்கச் சொல்லவில்லை. அது என் தவறு.

ஐந்து நாள் கழித்து விடியற்காலையில் அவர் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி எழுந்தார். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.1 மில்லிமோலுக்கு இறங்கியிருந்தது. மனைவி மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுத்தார், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதித்தார், ஏறியிருந்தது. அன்று பகல் நான் போய் அலமாரியைத் திறந்தபோது, பலதுறை மருந்தகத்தின் கிளிப்பிசைடு பொட்டலம் பாதி தீர்ந்திருந்தது. மருத்துவமனை கொடுத்தது காது மருந்து, பலதுறை மருந்தகம் கொடுத்தது சர்க்கரை மருந்து என்று அந்த அம்மா பிரித்து வைத்து, இரண்டையும் ஒழுங்காகக் கொடுத்துவந்தார். இன்சுலினையும் அவர் காது நோய்க்கான ஊசிகளில் ஒன்றாகவே எண்ணியிருந்தார். போதாததற்கு, சிப்ரோஃப்ளோக்சசின் கிளிப்பிசைடோடு சேரும்போது சர்க்கரை மேலும் விழக்கூடும். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, மருத்துவக் குழுவுக்குத் தெரிவித்தேன்.

அதே அலமாரியில் மாத்திரை டப்பா. காலை என்ற அறையில் சிப்ரோஃப்ளோக்சசினும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் ஒன்றாகக் கிடந்தன. இரண்டையும் ஒரு தம்ளர் பாலோடு விழுங்கிவந்தார். சுண்ணாம்புச்சத்தும் பாலும் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு, அல்லது ஆறு மணி நேரம் பின்பு இதைச் சாப்பிட வேண்டும். வெறும் நீரோடு மருந்து, பால் பிற்பாடு, சுண்ணாம்புச்சத்து மாத்திரை சிகிச்சை முடியும்வரை நிறுத்தம் என்று குழுவோடு பேசி மாற்றினோம். குதிகாலுக்கு மேலே வலி வந்தால் உடனே சொல்லுங்கள் என்றும் சொன்னேன்; முதியவர்களுக்கு இந்த மருந்தால் தசைநார் பாதிக்கப்படலாம்.

கண் தனிக் கதை. வலது இமை மூடவில்லை. பகலில் மணிக்கொரு முறை கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு தடவி இமையைக் காகித நாடாவால் ஒட்டுதல். மனைவி கச்சிதமாகச் செய்தார். இருந்தும் இரண்டாம் வாரம் கண் சிவந்து உறுத்தியது. எனக்குக் காரணம் புரியவில்லை. ஒரு நாள் காலை சீக்கிரமே போனபோது கண்டேன். அவர் சாமி படத்தின் முன் நின்று, மூன்று விரலால் உலர்ந்த விபூதியை அள்ளி நெற்றியில் இழுத்தார். தூள் புருவத்தில் இறங்கி, மூட முடியாத கண்ணுக்குள் உதிர்ந்தது. இடது கண் தானாக மூடிக்கொண்டது. வலது கண் திறந்தபடியே அதை வாங்கிக்கொண்டது. விபூதியை விடச் சொல்ல எனக்குத் துணிவும் இல்லை, தேவையும் இல்லை. நீரில் குழைத்துப் பூசலாமா என்று கேட்டேன். "கோயிலில் அப்படித்தானே பூசுவார்கள்" என்றார். அன்று முதல் குழைத்த விபூதி. கண் மருத்துவர் பார்த்துக் கருவிழியில் புண் இல்லை என்று உறுதி செய்தார். நான்கு நாளில் சிவப்பு தணிந்தது.

விளைவு

சிகிச்சை தொடங்கிய மூன்றாம் வாரம் இரவு வலி விட்டது. வலி, இஎஸ்ஆர், சிஆர்பி என்ற இன்னோர் அழற்சி அளவு ஆகியவற்றை வைத்தே மருத்துவர்கள் முன்னேற்றத்தை அளந்தார்கள். படங்களில் எலும்பு மாற்றம் மறைய நெடுநாள் ஆகும். ஆறு வாரம் முடிந்து பிக் குழாயை எடுத்தபோது இஎஸ்ஆர் 22. அதன் பிறகு ஆறு வாரம் மாத்திரை மட்டும். நிறுத்திய பின்னும் மாதங்கள் கழித்துத் திரும்பக்கூடிய நோய் என்பதால் ஓராண்டு கண்காணித்தார்கள். திரும்பவில்லை.

முகம் முழுமையாக மீளவில்லை. இப்போது முயன்றால் கண் மூடுகிறது. சிரித்தால் வாய் சற்று இடப்பக்கம் இழுக்கிறது. வலது நெற்றியில் சுருக்கம் விழுவதில்லை. வலது காதின் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. எச்பிஏ1சி 7.6க்கு இறங்கியது. வேலைக்குத் திரும்பினார், செருகி தேவையில்லாத பகல்நேர முகப்பு மேசைப் பணி. மேலாளர் மறுப்பின்றி மாற்றிக்கொடுத்தார் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

எதை மாற்றிச் செய்வோம்

என் அளவில்: முதல் வருகையிலேயே வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், பழையது புதியது பாராமல், மேசையில் கொட்டச் சொல்கிறேன். எது எதற்கு என்று நான் சொல்வதற்கு முன் அவர்களையே சொல்லச் சொல்கிறேன். அப்படிக் கேட்டிருந்தால் காது மருந்து, சர்க்கரை மருந்து என்ற பிரிவினை முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். நீரிழிவு உள்ள வீடுகளில் காதைப் பற்றியும் இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன்: இரவில் வலி எழுப்புகிறதா? ஒன்று முதல் பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பதில்லை. எங்கே உட்கார்ந்து இரவைக் கழிக்கிறார், எதை மெல்ல முடியவில்லை என்று கேட்கிறேன். ஐந்து என்று சொன்னவர் தாழ்வார நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்.

குடும்பத்தின் அளவில்: பஞ்சுக் குச்சி வீட்டில் இல்லை. எண்ணெய்க் குளியல் உண்டு. காதில் களிம்பு தடவிய பஞ்சை அடைத்துக்கொள்கிறார். சொட்டு மருந்து போட்டும் ஒரு வாரத்தில் தணியாத காது வலிக்கு மூன்றாவது மருந்தகம் தேடுவதில்லை. நிபுணரிடம் அனுப்பும்படி கேட்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

பேரன் ஒரு தாள் தயாரித்து, தாத்தாவின் அடையாள அட்டையோடு மடித்து வைத்திருக்கிறான். எந்த மருந்தகத்துக்குப் போனாலும் அதை முதலில் நீட்டுவார்கள். மேலே நீரிழிவு, எத்தனை ஆண்டு, என்ன மருந்து. அதன் கீழே காது நோயின் பெயரும் தேதியும். அடியில் தாத்தாவின் வலிச் சொற்கள் வரிசையாகத் தமிழில், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் விளக்கம். குத்தலுக்கு எழுதியிருக்கிறான், குடைச்சலுக்கு எழுதியிருக்கிறான். தெறிப்புக்கு இரண்டு முறை எழுதி அடித்துவிட்டு, இரவு 2 மணி என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறான்.